தேய்பிறை திருதியையில் பொனேர் கடல்

இந்த வருடம் எங்கள் இருபதாவது கல்யாண நாள். 2006 ஆகஸ்ட் 30, ஆவணி மாதம், திருச்சியில் கல்யாணம். ஆடி முடிந்ததும் வரும் முகூர்த்தங்களில் ஒன்று. நம் ஊரில் அது கல்யாண சீசன். நாங்கள் இப்போது இருக்கும் ஹூஸ்டனிலும் அதற்குத் தெற்கே விரியும் கடலிலும் அது புயல் சீசன். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் நடுப்பகுதி வரை கரீபியன் பக்கம் டிக்கெட் போட யாருக்கும் கை வராது. அதனால் எல்லா வருடமும் கல்யாண நாளை வீட்டுப் பாயசத்தோடும் ஓர் ஓட்டல் சாப்பாட்டோடும் முடித்துக்கொண்டோம்.

இந்த முறை ஆகஸ்ட் நடுவில் மகள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். பத்து நாள் கழித்து வரும் கல்யாண நாளில் அவள் அறை காலியாக இருக்கும். அந்த வீட்டில் அன்று உட்கார்ந்திருக்க எனக்கு மனசில்லை. அவருக்கும் இல்லை. "டைவிங் போலாமா? ரெண்டு பேரும் மட்டும்" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை.

காரணம் இருக்கிறது. அவர் பத்து வருடமாகக் கடலுக்குள் போகிறவர். நான் நாற்பத்து மூன்று வயதில், 2023இல், டெக்சாஸில் தண்ணீர் நிரம்பிய ஒரு பழைய கல்குவாரியில் கற்றுக்கொண்டவள். காவிரிக்குப் பக்கத்தில் வளர்ந்தும் நீச்சல் தெரியாமல் இருந்தேன். முப்பத்தைந்துக்கு மேல்தான் அதையே கற்றேன். குவாரியில் நீட்டிய கைக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலை டைவிங் சான்றிதழ் கையில் வந்த அன்று அழுதுவிட்டேன்.

அடுத்த வருடம் ஒரு தீவுக்குப் போய்ப் படகிலிருந்து குதித்தோம். பன்னிரண்டு பேர், ஒரு வழிகாட்டி. எல்லோரும் சட்டென்று கீழே இறங்கிவிட்டார்கள். எனக்கு நான்கு மீட்டரில் இடது காது அடைத்துக்கொண்டது. மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தேன், திறக்கவில்லை. வழிகாட்டி கீழேயிருந்து 'வா, வா' என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தார். ஓர் ஊசி உள்ளே இறங்குவது போல வலித்தது. மேலே வந்துவிட்டேன். எனக்காக என் கணவரும் வந்துவிட்டார். மற்றவர்கள் முடித்து வரும்வரை நாற்பது நிமிடம் படகில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. என் ஈர முதுகில் கையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அந்த நாற்பது நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. என்னை யாரும் அவசரப்படுத்தாத இடமாக இருக்க வேண்டும். புயலும் வரக்கூடாது, படகும் கூடாது. அவர் வரைபடத்தை விரித்து விரலை வெனிசுவேலாவுக்குக் கொண்டுபோனார். அதன் கரைக்கு வடக்கே எண்பது கிலோமீட்டர் சுமாரில் ஒரு சின்னத் தீவு: பொனேர்.

பக்கத்தில் அரூபாவும் குராசாவும் இருப்பதால் இந்தப் பெயர் நம்மவர்களுக்கு அதிகம் தெரியாது. மொத்தமே 288 சதுர கிலோமீட்டர். 2010 அக்டோபரிலிருந்து நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. ஆனால் புழங்குவது அமெரிக்க டாலர், மக்கள் வீட்டில் பேசுவது பாப்பியமெந்து. நெதர்லாந்தின் பகுதி என்றாலும் ஐரோப்பாவின் பொது விசாப் பகுதியான ஷெங்கனுக்குள் வராது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் டிக்கெட்டுக்கு முன் விசா விதியைப் பார்த்துவிடுங்கள். நாங்கள் முதலில் செய்தது அதுதான்.

தீவு பன்னிரண்டாவது அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. பெரும்பாலான புயல்கள் அதற்கு வடக்கே போய்விடுகின்றன. வரவே வராது என்று சொல்ல முடியாது. 1999 நவம்பரில் லென்னி என்ற புயல், தொலைவில் போனபோதே மேற்குக் கரைப் பவளத்தை அலையால் நொறுக்கியது. 2008இல் ஓமரும் அப்படித்தான். அதனால் பயணக் காப்பீடு எடுத்தோம், டைவிங்குக்கென்று தனிக் காப்பீடும் எடுத்தோம். ஆனாலும் ஆவணி மாதத்தில் நம்பிப் போகக்கூடிய கரீபியன் தீவுகள் ஒரு சிலதான். அதில் இது ஒன்று.

என்னைச் சம்மதிக்க வைத்தது வானிலை இல்லை, கரைதான். அங்கே காற்று வருடம் முழுக்கக் கிழக்கிலிருந்து அடிக்கிறது. மேற்குக் கரை பெரும்பாலும் குளம் போலக் கிடக்கும். சாலையை ஒட்டியே கடல். சாலையோரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். கல்லைப் பார்த்து வண்டியை நிறுத்தி, டேங்கை முதுகில் மாட்டி, இருவரும் கைபிடித்து நடந்தே தண்ணீருக்குள் இறங்கலாம். இப்படிக் கரையிலிருந்தே போகக்கூடிய இடங்கள் அறுபதுக்கு மேல். அங்கே ஓடும் வண்டிகளின் நம்பர் பிளேட்டில் இருக்கும் வாசகத்தின் பொருள் 'முக்குளிப்போரின் சொர்க்கம்'. நேரம் நம் கையில். வழிகாட்டியோடு கூட்டமாகப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. பிடிக்கவில்லை என்றால் திரும்பி நடந்து வந்துவிடலாம்.

இது என் காதுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லியாக வேண்டும். கடல் மட்டத்திலிருந்து பத்து மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். அதற்குக் கீழே அடுத்த மடங்குக்கு இன்னும் இருபது மீட்டர் இறங்க வேண்டும். அதாவது காதுக்குச் சோதனை ஆழத்தில் இல்லை, மேலே முதல் சில மீட்டர்களில்தான். படகிலிருந்து குதித்தால் அந்த இடத்தை ஒரே நிமிடத்தில் நேராகக் கடக்க வேண்டியிருக்கிறது. பொனேரில் கரையிலிருந்து மணலும் பவளமுமாக ஒரு மேடை மெல்லச் சரிந்துகொண்டே போகிறது. பத்து மீட்டர் வரை அப்படிப் போய், அங்கேதான் பவளச் சரிவு தொடங்குகிறது. அரை மீட்டருக்கு ஒரு தரம் நின்று காதைத் திறந்துகொண்டு, மீன்களைப் பார்த்துக்கொண்டே இறங்கலாம். காது மருத்துவரிடம் போனேன். சோதித்துவிட்டு அவர் சொன்னதும் இதுதான்: வலிக்கும் முன்பே திறக்க வேண்டும், வலித்த பிறகு ஊதக்கூடாது. இதை அந்தப் படகில் யாராவது சொல்லியிருக்கலாம்.

மஞ்சள் கல்லுக்கும் அந்தச் சுத்தமான கடலுக்கும் பின்னால் ஓர் ஆளின் கதை இருக்கிறது. கேப்டன் டான் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர், 1962இல் ஒரு பாய்மரக் கப்பலில் வந்து சேர்ந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். ஆரம்பத்தில் அவரும் ஈட்டியால் மீன் குத்தியவர்தான். பிறகு அதை விட்டுவிட்டு, பவளத்தின் மேல் நங்கூரம் விழக்கூடாது என்று நிரந்தர மிதவைகள் கட்ட ஆரம்பித்தார். 1971இல் ஈட்டி மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டது. 1979இல் தீவைச் சுற்றி, கரையின் அலைக்கோட்டிலிருந்து அறுபது மீட்டர் ஆழம் வரை மொத்தக் கடலும் பாதுகாக்கப்பட்ட பூங்காவானது. ஒரு தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதையும் இவ்வளவு சீக்கிரம் காப்பாற்ற நினைத்தவர்கள் உலகில் மிகக் குறைவு. ஸ்டூவர்ட் 2014இல் காலமானார். நாம் போய் இறங்கும்போது நம் காலுக்கடியில் இருப்பது அந்த மனிதர்களின் பிடிவாதம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, தேதி விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கரீபியன் கடலில் ஆஸ்ட்ரகாட் என்று ஒரு சின்ன உயிர் இருக்கிறது. இறால், நண்டு வகையறாதான், ஆனால் எள்ளளவுதான் இருக்கும். பகலில் கண்ணில் படாது. இரவில், இருட்டு முழுமையாக இறங்கியதும், ஆண் ஆஸ்ட்ரகாட்டுகள் நீந்திக்கொண்டே நீல ஒளித் துளிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டுப் போகும். துளிகள் அந்தந்த இடத்திலேயே சிறிது நேரம் நின்று ஒளிரும். பார்ப்பவருக்கு முத்துச்சரம் தொங்குவது போல இருக்கும். பெண்ணை அழைப்பதற்காகச் செய்வது. ஒவ்வொரு இனத்துக்கும் சரத்தின் அமைப்பு வேறு, துளிகளுக்கு இடையிலான தூரமும் வேறு. தன் இனத்துக்காரன் யார் என்று பெண் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது.

ஆனால் இதற்கு நிலா வெளிச்சம் ஆகாது. பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை, சூரியன் மறைந்து முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு தேட வேண்டும் என்பது அங்கே முக்குளிப்பவர்கள் சொல்லும் கணக்கு. அவர் இதைப் படித்துக் காட்டியபோது எனக்குக் காரணம் உடனே புரிந்தது. தேய்பிறையில் நிலா ஒவ்வொரு நாளும் தாமதமாக எழும். சூரியன் போனதற்கும் நிலா வருவதற்கும் நடுவில் ஓர் இருட்டு இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளிக்குள்தான் இந்த உயிர்கள் தங்கள் கல்யாணத்தை முடித்துக்கொள்கின்றன. நான் நாள்காட்டியை எடுத்தேன். வருடா வருடம் ஊரிலிருந்து அத்தை அனுப்பும் தினசரி நாள்காட்டி, சமையலறைச் சுவரில் தொங்குவது. 2026 ஆகஸ்ட் 28 பௌர்ணமி. எங்கள் கல்யாண நாள் 30ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பொனேரில் அன்று மாலை தேய்பிறை திருதியை. சூரியன் ஆறே முக்கால் சுமாருக்கு மறையும். நிலா எட்டு மணிக்கு மேல் எழும். ஏழரை மணிக்கு நல்ல இருட்டு.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் நாள்காட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். "இனிமே வேற தேதி பேச்சே இல்ல" என்றார். அன்று ராத்திரியே டிக்கெட் போட்டோம்.

அத்தையிடம் போனில் சொன்னபோது அவர் இன்னொன்றைக் கவனித்தார். "பௌர்ணமிக்கு கிரகணம் போட்டிருக்கே, அதுல கிளம்புறீங்களா?" உண்மைதான். 27ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி நிலவின் பெரும் பகுதியை மறைக்கும் சந்திர கிரகணம் ஹூஸ்டனிலும் தெரியும். "இல்லத்த, கிரகணம் விட்டு மறுநாள் ராத்திரிதான் ஃபிளைட்" என்றேன். "அப்ப சரி. தலைக்குக் குளிச்சிட்டுக் கிளம்புங்க" என்றார். குளித்துவிட்டுத்தான் கிளம்புவேன். அவர் சொன்னதற்காகவே.

சனிக்கிழமை காலை இறங்குகிறோம். விமான நிலையத்தின் பெயரே ஃப்ளமிங்கோ. ஓடுபாதைக்குப் பக்கத்தில் தே ஆமோ என்று ஒரு கடற்கரை. ஸ்பானிய மொழியில் 'உன்னைக் காதலிக்கிறேன்' என்று பொருள். அதை வரைபடத்தில் என் கணவர் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். பாப்பியமெந்துவில் 'துஷி' என்றால் இனிப்பு, அன்புக்குரியவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அந்த ஒரு வார்த்தையை இரண்டு வாரமாக வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார். மகள் காதைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுகிறாள்.

செலவுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீவுக்குள் வர ஆளுக்கு 75 டாலர் வரி. கடலில் இறங்க ஆளுக்கு 40 டாலர் இயற்கைக் கட்டணம், அது அந்த ஆண்டு முழுக்கச் செல்லும். இரண்டு பேருக்கும் சேர்த்து 230 டாலர் டிக்கெட்டுக்கு வெளியே வைத்திருக்கிறோம். டேங்குகளை ஏற்றிப் போக பிக்கப் வண்டி வாடகைக்கு. வண்டியில் எதையும் விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போகாதீர்கள், கண்ணாடியை ஏற்றாதீர்கள், கதவைப் பூட்டாதீர்கள் என்று போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். பூட்டிய வண்டியின் கண்ணாடிதான் உடைபடுமாம். அதனால் பணம், பாஸ்போர்ட் எல்லாம் அறையிலேயே. முதல் நாள் வந்ததும் ஓர் அறிமுக வகுப்பும், தண்ணீருக்குள் இறங்கக் கட்டிக்கொள்ளும் எடை சரியா என்று பார்க்க ஒரு சின்ன டைவும் கட்டாயம். கையுறை அணியக்கூடாது. கை பாதுகாப்பாக இருந்தால் பவளத்தைப் பிடிக்கத் தோன்றும் என்பதுதான் காரணம். நல்ல விதி.

எந்த இடங்கள் என்பதில் எங்களுக்குள் ஒரு பேச்சு நடந்தது. ஹில்மா ஹூக்கர் என்ற எழுபது மீட்டருக்கு மேல் நீளமான சரக்குக் கப்பல் அங்கே மூழ்கிக் கிடக்கிறது. கஞ்சா கடத்தியதாகப் பிடிபட்டு, 1984 செப்டம்பர் 12ஆம் தேதி தண்ணீருக்குள் போனது. முப்பது மீட்டர் ஆழத்தில் வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அதன் புரொப்பெல்லரைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. என் சான்றிதழ் பதினெட்டு மீட்டர் வரைதான். "நீங்க ஒரு வழிகாட்டியோட போயிட்டு வாங்க, நான் கரையில இருக்கேன்" என்றேன். மனசார சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். கப்பல் சாய்ந்து கிடப்பதால் அதன் மேல்பக்கம் பதினெட்டு மீட்டருக்கு வருகிறதாம். "மேல்பக்கம் போதும். ரெண்டு பேரும் மேலேர்ந்து பாப்போம்" என்று முடித்துவிட்டார். புரொப்பெல்லர் இன்னொரு பயணத்துக்கு.

கடைசி நாளை முழுக்க நிலத்தில் வைத்திருக்கிறோம். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். ரத்தத்திலும் திசுவிலும் கரைந்த நைட்ரஜன் வெளியேறாமல் மேலே போனால் ஆபத்து. நாங்கள் 24 மணி நேரத்துக்கு மேலேயே விட்டிருக்கிறோம். இதில் நிமிடக் கணக்குப் பார்த்து விளையாடக்கூடாது என்பது என் கட்சி. அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை வேறு இருப்பதால், டைவிங் தெரிந்த மருத்துவரிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

அந்த நாளில் தெற்கே உப்பளங்களுக்குப் போகிறோம். பாத்திகள் இளஞ்சிவப்பாக இருக்குமாம், ஓரத்தில் ஃப்ளமிங்கோக்கள். எனக்குப் பார்க்க வேண்டியது அதற்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து வரிசையாக நிற்கும் சின்னக் கல் குடில்கள். 1850இல் கட்டியவை. உப்பு வெட்டிய அடிமைகள் வார நாட்களில் படுத்த இடம். படங்களைப் பார்த்தாலே தெரிகிறது, ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது, வாசலில் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். அவர்களுடைய மனைவி மக்கள் தீவின் வடக்கே ரின்கோன் என்ற ஊரில் இருந்தார்கள். வாரக் கடைசியில் ஏழு மணி நேரம் வெயிலில் நடந்து போய்க் குடும்பத்தைப் பார்த்துவிட்டு, ஞாயிறன்று திரும்ப அதே வழி நடந்து வருவார்களாம். 1863 வரை இது நடந்திருக்கிறது. கல்யாண நாள் பயணத்தில் இது எதற்கு என்று தோழி ஒருத்தி கேட்டாள். நான் போகத்தான் போகிறேன். ஒரு ராத்திரி மனைவியோடு இருப்பதற்காக ஏழு மணி நேரம் நடந்தவர்கள் இருந்த இடத்தைக் கடந்து, ஃப்ளமிங்கோவை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வர என்னால் முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பவளங்கள் நோயில் இருக்கின்றன. கல் பவளத்தின் திசுவை அரித்துத் தின்னும் ஒரு நோய் 2014இல் ஃப்ளோரிடாவில் தொடங்கி, தீவு தீவாகப் பரவி, 2023இல் பொனேருக்கு வந்துவிட்டது. நூற்றாண்டு கண்ட மூளைப் பவளம்கூடச் சில வாரங்களில் வெள்ளை எலும்பாகிவிடும். கூடவே கடல் சூடாகிப் பவளம் வெளுப்பதும் நடக்கிறது. இதைப் படித்த ராத்திரி, போகத்தான் வேண்டுமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பிறகு என்ன செய்யலாம் என்று பார்த்தோம். குவாரியிலும் மற்ற கடலிலும் போட்ட உடுப்பு, ஃபின், மாஸ்க், பி.சி.டி. என்ற மிதவைச் சட்டை எல்லாவற்றையும் இங்கேயே கிருமிநாசினியில் ஊறவைத்துக் காயப்போட்டு எடுத்துப் போகிறோம். அங்கே போனபின்னும் தினமும் அப்படித்தான். பவளத்துக்கு ஆகாத ரசாயனம் உள்ள சன்ஸ்க்ரீனுக்கு அங்கே தடை, அதனால் முழுக்கைச் சட்டை வாங்கிவிட்டோம். கடலுக்கடியில் மரம் போல நட்ட கம்பிகளில் பவளத் துண்டுகளைத் தொங்கவிட்டு வளர்த்து, திரும்பப் பாறையில் நடுகிறவர்கள் அந்தத் தீவில் இருக்கிறார்கள். ஒரு நாள் அவர்களிடம் போய்க் கற்றுக்கொண்டு, கூட வேலை செய்ய எழுதிக் கேட்டிருக்கிறோம். இருபதாவது வருடத்துக்கு நாங்கள் ஒருவருக்கொருவர் வாங்கும் பரிசு அது ஒன்றுதான். நகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது எனக்கு மிச்சமிருப்பது இருட்டு. ஆஸ்ட்ரகாட்டைப் பார்க்க வேண்டுமானால் டார்ச்சை அணைக்க வேண்டும். ஆறு மீட்டர் ஆழத்தில், ராத்திரியில், வெளிச்சமில்லாமல். டார்ச்சோடு போகும்போது இன்னொன்றும் உண்டு. டார்ப்பன் என்ற பெரிய வெள்ளி மீன், ஆள் உயரத்துக்கு வளரும், வெளிச்சத்தில் இரை தேடப் பழகி முக்குளிப்பவர் தோளுக்குப் பின்னாலிருந்து திடீரென்று பாய்ந்து போகும். கடிக்காது. ஆனால் முன்கூட்டித் தெரியாவிட்டால் நெஞ்சு அடைத்துவிடும். அவர் வீடியோக்களைத் தேடி எடுத்துப் பத்து தடவை என்னைப் பார்க்க வைத்தார். இப்போது டார்ப்பன் எனக்குத் தெரிந்த முகம்.

இருட்டுக்கு வீடியோ உதவாது. அதனால் போன சனிக்கிழமை நண்பர் வீட்டுப் பின்கட்டு நீச்சல் குளத்துக்குப் போனோம். ஆழமான பக்கம் எட்டடி. வீட்டு விளக்குகளையும் குளத்து விளக்கையும் அணைக்கச் சொன்னோம். டேங்கை மாட்டிக்கொண்டு அடியில் எதிரெதிரே மண்டியிட்டோம். இருட்டில் கைச்சைகை தெரியாது என்பதால் பிடித்த கையின் அழுத்தம்தான் மொழி. ஒரு அழுத்து, 'சரியா?' திரும்ப ஒரு அழுத்து, 'சரி'. இரண்டு அழுத்து, 'மேலே போகலாம்'. முதல் தடவை அவர் டார்ச்சை அணைத்ததும் நான் இரண்டு அழுத்து கொடுத்துவிட்டேன். மேலே வந்தோம். இரண்டாவது தடவையும் அப்படியே. அவர் எதுவும் சொல்லவில்லை, டேங்கில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்த்தார்.

மூன்றாவது தடவை டார்ச் அணைந்ததும் நான் என் மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்டேன். இழுக்கும்போது ஒரு சீறல், விடும்போது குமிழிகள் காதை உரசி மேலே போகும் கடகடப்பு. பிறகு அவருடைய குமிழிகளும் கேட்டன, என்னுடையதைவிட மெதுவாக. அந்த வேகத்துக்கு என் மூச்சைக் கொண்டுவந்தேன். கை ஒரு முறை அழுந்தியது. நான் திரும்ப ஒரு முறை அழுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். அவர் டார்ச்சைப் போடப் போகிறார் என்று விரல் அசைவில் தெரிந்தது. அந்தக் கையையும் பிடித்துக்கொண்டேன்.